உடல் இளைத்தபின் தளர்ந்த மார்பு: தூக்கி நிறுத்துவதா, சிலிக்கான் வைப்பதா?

கேள்வி: டாக்டர், எனக்கு 37 வயது, இரண்டு பிள்ளைகள், பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. உயரம் 158 செ.மீ., எடை 112 கிலோ இருந்தேன். இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்து 13 மாதத்தில் 68-க்கு வந்துவிட்டேன், இன்னும் மாதம் ஒன்றரை, இரண்டு கிலோ குறைந்துகொண்டே வருகிறது. இனிப்புநீர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் பாராட்டுகிறார்கள், ஆனால் குளித்துவிட்டு வந்தால் நான் கண்ணாடிப் பக்கம் திரும்புவதில்லை. மார்பு வற்றித் தொங்கிவிட்டது. ரவிக்கையைப் பிடித்துப் பிடித்துத் தைத்துத் தையல்காரருக்கே அலுத்துவிட்டது. ஓர் அழகு கிளினிக்கில் விசாரித்தேன். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொன்னார்கள், 350 சிசி சிலிக்கான் வைத்தால் சரியாகிவிடும், மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் கழிவு உண்டு என்றார்கள். ஈ.பி.எஃப். சேமநிதியின் ஃபிலெக்சிபல் கணக்கில் கொஞ்சம் பணம் இருக்கிறது. வீட்டுக்காரர் "இந்த வயதில் எதற்கு" என்கிறார், மாமியாருக்குத் தெரியவே தெரியாது. சிலிக்கானால் புற்றுநோய் வருமா? தழும்பு தெரியுமா? ஏழு மாதத்தில் தைப்பூசம், பால்குட வேண்டுதல் இருக்கிறது, எடுக்க முடியுமா? பெயர் வேண்டாம். பினாங்கு.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இது மட்டும் அவசரம். உங்களை நிற்க வைத்து அளவெடுக்காமல், தோலைக் கையால் பிடித்துப் பார்க்காமல், போன் படத்தை வைத்து 350 என்று சொல்பவர் செய்வது வைத்தியமே இல்லை, வியாபாரம். மாதக் கடைசிக் கழிவெல்லாம் துணிக்கடையோடு இருக்கட்டும், உடம்பைக் கீறுவதற்குக் கெடு வைக்கும் இடத்துக்கு இனிமேல் போகாதீர்கள். அனுப்பிய படங்களை அழித்துவிடும்படி எழுத்திலேயே கேளுங்கள், அது உங்கள் உரிமை.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 44 கிலோ குறைத்த பிறகும் கண்ணாடியைப் பார்க்க மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதும்போது ஏதோ நன்றிகெட்டவள் மாதிரி உங்களுக்கே கூச்சமாக இருந்திருக்கும். வேண்டாம். என் அறைக்கு வரும் பெண்கள் பலர் இதையே சொல்லி, கூடவே மன்னிப்பும் கேட்கிறார்கள். ஒருமுறை உங்கள் வயதுப் பெண் ஒருவர் பரிசோதனைக்காக மேல்சட்டையைக் கழற்றியபோது, இரண்டு மார்புக்கும் கீழே நாலாக மடித்த கைக்குட்டை ஒவ்வொன்று இருந்தது. வேர்வையில் நனைந்து ஓரம் சுருண்டு போயிருந்தது. எடுத்துப் பார்த்தால் அடியில் தோல் பச்சைப்புண்ணாகச் சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் பொரிகள். ஒன்றரை வருடமாக, வேலை இடத்துக் கழிவறையில் ஒரு நாளைக்கு மூன்று முறை அந்தக் கைக்குட்டையை மாற்றிக்கொண்டிருந்தாராம், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இதைப் போய் ஆசைக்குச் செய்துகொள்ளும் அலங்காரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. உங்களுக்கும் அந்த இடத்தில் அரிப்போ வாடையோ இருந்தால் அது நம் ஊர்ப் புழுக்கத்தில் வரும் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், ஆபரேஷன் வரை காத்திருக்காதீர்கள், கிளினிக்கில் காட்டினால் ஒரு களிம்பில் சரியாகும். முகப்பவுடரை அள்ளிப் போடாதீர்கள், வேர்வையோடு சேர்ந்து கட்டியாகி இன்னும் உறுத்தும்.

மார்புக்கு என்ன ஆயிற்று என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மார்பகத்தில் பெரும்பங்கு கொழுப்பு, நடுவில் பால் சுரப்பி, வெளியே தோல். தூக்கிப் பிடிக்க உள்ளே எலும்பு கிடையாது, மெல்லிய நார்களும் தோலும்தான் தாங்குகின்றன. எடை ஏறிய வருடங்களில் தோல் விரிந்துகொண்டே போனது, அதிலுள்ள மீள்நார்கள் அறுந்துவிட்டன. பிறகு கொழுப்பு சட்டென்று இறங்கிவிட்டது, தோல் அப்படியே நின்றுவிட்டது. காசெல்லாம் எடுத்த பிறகு பாட்டியின் சுருக்குப்பை எப்படி இருக்கும், அப்படித்தான். அதனால்தான் எண்ணெய் மசாஜோ, கிரீமோ, இணையத்தில் விற்கும் மாத்திரையோ இதைத் தூக்காது. ஜிம்மில் மார்புத்தசைக்குப் பயிற்சி செய்வது நல்லதுதான், ஆனால் அந்தத் தசை மார்பகத்துக்குப் பின்னால் இருக்கிறது, அது தடித்தாலும் முன்னால் இருக்கும் தோல் சுருங்காது.

இப்போது உங்களை உறுத்துவது தொய்வா, அளவா? இரண்டும் வேறு வேறு, இரண்டுக்கும் வைத்தியமும் வேறு. அந்த கிளினிக் இதைக் கேட்கவே இல்லை. வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் நல்ல பிராவைப் போட்டு, எல்லாவற்றையும் உள்ளே ஏந்தி வைத்துக்கொண்டு கண்ணாடியில் பாருங்கள். இந்த அளவு போதும், இது இப்படியே நின்றால் போதும் என்று தோன்றினால் உங்களுக்குச் சிலிக்கான் வேண்டாம், தோலைக் குறைத்துத் தூக்கி நிறுத்தினாலே போதும். பிராவுக்குள்ளும் மேல்பாதி குழிந்து வெறுமையாக இருந்து, அதுதான் உங்கள் வருத்தம் என்றால் மட்டுமே கொள்ளளவைக் கூட்டுவது பற்றி யோசிக்க வேண்டும். அடுத்து பிராவைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மார்பு முடிந்து வயிறு தொடங்கும் இடத்தில் ஒரு மடிப்பு இருக்கும், காம்பு அந்த மடிப்பின் மட்டத்தில் இருந்தால் தொய்வு லேசானது. மடிப்புக்குக் கீழே வந்துவிட்டாலும் மார்பின் அடிமுனைக்கு மேலேயே இருந்தால் நடுத்தரம். அடிமுனைக்கே வந்து தரையைப் பார்த்தால் கடுமையானது. 40 கிலோவுக்கு மேல் இறங்கியவர்களில் நான் பெரும்பாலும் பார்ப்பது மூன்றாவதைத்தான், காம்பு உள்பக்கமாகச் சாய்ந்தும் இருக்கும், அக்குளுக்குக் கீழே ஒரு சதைச்சுருள் முதுகுவரை ஓடும்.

தூக்கி நிறுத்தும் ஆபரேஷனுக்கு மாஸ்டோபெக்ஸி என்று பெயர். தையல்காரர் உங்கள் ரவிக்கைக்குச் செய்தாரே, தளர்ந்த இடத்தில் டாட் பிடித்து மீதித் துணியை ஒதுக்கியது, ஏறக்குறைய அதே வேலை. லேசான தொய்வு என்றால் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்திலேயே வேலையை முடிக்கலாம். அடுத்த நிலைக்கு அந்த வட்டத்திலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு. உங்களைப் போல் நிறைய இளைத்தவர்களுக்குப் பெரும்பாலும் இவை இரண்டோடு மடிப்பை ஒட்டிப் படுக்கையாக மூன்றாவது கோடும் வேண்டும், மொத்தத்தில் நங்கூரம் மாதிரி இருக்கும். கீறல் குறைவாக இருக்கட்டும் என்று சிறிய முறையைக் கேட்டு வாங்கினால், மீதித் தோல் மீதியாகவே நின்று ஆறு மாதத்தில் பழையபடி இறங்கும். காம்பை அறுத்து எடுத்து ஒட்டுவார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். வழக்கமாக அப்படிச் செய்வதில்லை, இரத்தக்குழாய்களும் நரம்பும் உள்ள திசுத்தண்டோடு சேர்த்தே அதை மேலே நகர்த்துகிறோம்.

அக்குளுக்குக் கீழே உள்ள அந்தச் சதைச்சுருள் இருக்கிறதே, எல்லோரும் வெறுப்பது, அதை வெட்டி எறிய வேண்டியதில்லை. மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு, இரத்த ஓட்டத்தோடு உள்ளே மடித்து மார்புக்கு நிரப்பாக வைக்கலாம், பிறகு அதை விலா எலும்பின் மேலுறையோடு தையலிட்டு நிறுத்தலாம். சொந்தச் சதை, சொந்த இரத்தம், உள்ளே அந்நியப் பொருள் எதுவும் இல்லை. உங்களுக்கு அந்தச் சுருள் போதுமான அளவு இருந்தால் இதுதான் என் முதல் விருப்பம். போட்டோவில் இது தெரியாது, தெரிந்தாலும் சிலிக்கான் பை விற்பவர் இதைப் பற்றிப் பேச மாட்டார்.

சிலிக்கான் கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உள்ளே திசுவே இல்லாதவர்களுக்கு அது உதவும், ஆனால் அதுவும் தூக்கி நிறுத்தும் ஆபரேஷனோடு சேர்ந்துதான். தூக்காமல் பையை மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 350 சிசி பை ஒவ்வொன்றும் சுமார் 350 கிராம், அந்தப் பாரத்தை ஏற்கெனவே நைந்துபோன தோலில் மாட்டுகிறோம். முதல் சில மாதம் நிமிர்ந்து நிற்கும், அப்புறம் பையும் கீழே, மார்பும் கீழே, அல்லது பை மேலேயே நின்று மார்பு மட்டும் அதன்மேல் வழிந்து தொங்கும். பை தோலை வெளியே தள்ளுகிறது, தூக்குதல் தோலை உள்ளே இறுக்குகிறது, ஒரே நாளில் இரண்டையும் செய்வதால்தான் இந்தக் கூட்டு ஆபரேஷனுக்கு மறுபடியும் மேசை ஏற வேண்டிய வாய்ப்பு கூடுதல். ஆகவே முதலில் தூக்கிவிட்டு, நன்றாக ஆறிய பிறகும் அளவு போதவில்லை என்றால் பிற்பாடு சிறிய பை வைத்துக்கொள்ளலாம் என்பேன். பலர் அந்த இரண்டாம் கட்டத்துக்கு வருவதே இல்லை.

பை வைத்தால் அது ஆயுளுக்கும் இருப்பதில்லை, என்றாவது ஒருநாள் மாற்றவோ எடுக்கவோ வேண்டி வரும். சுற்றிலும் உடம்பு கட்டும் உறை சிலருக்கு இறுகிக் கல்லாகி வலிக்கும். உள்ளுக்குள்ளேயே சத்தமில்லாமல் கிழிவதும் உண்டு, அதைக் கண்டுபிடிக்க 5, 6 வருடத்தில் ஒருமுறையும், பிறகு 2, 3 வருடத்துக்கு ஒருமுறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்கிறது அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அந்தச் செலவையும் சேர்த்தே விலையைக் கணக்குப் போடுங்கள். புற்றுநோய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பையால் சாதாரண மார்பகப் புற்றுநோய் வருவதாக நிரூபணம் இல்லை. ஆனால் பையைச் சுற்றிய உறையில் ஓர் அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய் வருவது உண்மை, முக்கியமாகச் சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகளில். அதனால்தான் 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது, 2021 அக்டோபரில் எஃப்.டி.ஏ. எல்லாப் பைகளின் விவரச்சீட்டிலும் கட்டமிட்ட எச்சரிக்கை போடச் சொன்னது. ஏற்கெனவே பை வைத்திருக்கும் வாசகிகள் பயந்துபோய் எடுக்க ஓட வேண்டாம், ஆனால் பல வருடம் கழித்து ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கினால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

உடம்பின் வேறு இடத்திலிருந்து கொழுப்பை எடுத்து மார்பில் செலுத்துவதும் ஒரு வழி. உங்களிடம் எடுக்கக் கொழுப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் கேள்வி, செலுத்தியதில் ஒரு பங்கு கரைந்துவிடும், தோல் தூக்காது. மேல்பாதிக் குழியை மட்டும் மெத்தென்று ஆக்க நல்ல துணை. ஊசியில் ஜெல் போட்டுப் பெரிதாக்குகிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். பாலிஅக்ரிலமைடு என்ற ஜெல்லை ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் போட்டுப் பார்த்த சீனாவே 2006-ல் அதைத் தடை செய்துவிட்டது. அது திசுவுக்குள் ஊடுருவிக் கட்டியாகிவிட்டால் முழுதாக வெளியே எடுக்கவும் முடியாது.

தழும்பு தெரியுமா என்றால், தெரியும். பிராவுக்கும் ரவிக்கைக்கும் வெளியே தெரியாது, ஆனால் உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் தெரியும். முதல் மூன்று நான்கு மாதம் சிவந்து தடித்திருக்கும், வெளிற ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். நம் நிறத் தோலுக்குத் தழும்பு மேடாக வளரும் குணம் கொஞ்சம் கூடுதல். உங்களுக்கு எப்படி என்று உங்கள் உடம்பே சொல்லும்: தோளில் பி.சி.ஜி. ஊசித் தழும்பு, காது குத்திய இடம், ஸ்லீவ் ஆபரேஷனின் அந்தச் சின்னத் துளைகள், இவற்றைத் தடவிப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நிம்மதி. எங்காவது உருண்டையாகத் தடித்திருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் காட்டுங்கள், நடுநெஞ்சுக்குக் கோடு போகாமல் சுருக்கிக்கொள்வார், சிலிக்கான் ஒட்டுப்பட்டையைச் சீக்கிரமே தொடங்குவார்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது: நீங்கள் இன்னும் தயாராகவில்லை. மாதம் இரண்டு கிலோ இறங்கிக்கொண்டிருக்கும்போது தோலை அளந்து வெட்டினால், மறு தைக்குள் அந்த அளவு பொய்யாகிவிடும். எடை ஒரே இடத்தில் குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாதம் நிற்க வேண்டும். உயரத்தோடு சேர்த்துப் பார்த்தால் உங்கள் பி.எம்.ஐ. இப்போதே 27 சொச்சம், அது நல்ல இடம், 60-க்கு வந்தே தீர வேண்டும் என்று பட்டினி கிடக்காதீர்கள். ஸ்லீவ் செய்தவர்களிடம் நான் கண்டிப்பாகப் பார்ப்பது இரத்தம்: ஹீமோகுளோபின், இரும்பு, பி12, ஃபோலேட், வைட்டமின் டி, அல்புமின். புரதம் இல்லாத உடம்பில் எவ்வளவு அழகாகத் தையல் போட்டாலும் பிரிந்துவிடும். ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம், ஆபரேஷன் நெருங்கும்போது இன்னும் கூடுதல். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம்தான், கணக்குப் போட்டுப் பாருங்கள், சாயங்காலத் தே தாரிக்கும் பிஸ்கட்டும் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும். மாத்திரையை நிறுத்தியிருந்தாலும் எச்.பி.ஏ.1சி என்ற சர்க்கரைப் பரிசோதனையை விடக் கூடாது. சிகரெட்டோ வேப்போ பழக்கமிருந்தால் முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் நிறுத்த வேண்டும், நிகோட்டின் இரத்தக்குழாயைச் சுருக்கிக் காம்பே கறுத்து அழுகிப்போன கதை உண்டு. மார்பை ஒருமுறை ஸ்கேன் செய்துவிடுங்கள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் மேமோகிராமும் சேர்த்து. மூன்றாவது பிள்ளை எண்ணம் இருந்தால் அதை முடித்துவிட்டு வாருங்கள், கர்ப்பம் தோலை மறுபடி விரிக்கும், ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்குப் பால் குறைகிறது.

ஆபரேஷன் மூன்று, நான்கு மணி நேரம், முழு மயக்கம், ஓரிரு இரவு வார்டு. இரண்டு மூன்று வாரம் விடுப்பு வேண்டும், உங்கள் வேலையில் பெட்டி தூக்குவது இருந்தால் ஆறு வாரம். நங்கூரக் கோடுகள் சேரும் இடத்தில் ஒரு சின்னப் புண் பிளந்து தாமதமாக ஆறுவது நாங்கள் அடிக்கடி பார்ப்பது, பயப்பட வேண்டாம், கட்டுப் போட்டே ஆறும். இரத்தக்கட்டு, காம்பில் உணர்ச்சி மரத்துப்போவது, இரு பக்கமும் துளி வித்தியாசம், இவையும் நடக்கும். இளைத்தவர்களின் தோலுக்கு மீள்தன்மை குறைவு என்பதால் சில வருடத்தில் கொஞ்சம் இறங்கவும் செய்யும், 20 வயது மார்பைத் திருப்பித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

யாரிடம் போவது? பிளாஸ்டிக் சர்ஜரியில் நிபுணராகப் பதிவு பெற்றவரா என்று மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் நீங்களே பெயரைத் தட்டிப் பார்க்கலாம், காசு இல்லை. முகத்துக்கு லேசரும் போடோக்ஸும் போட அனுமதி பெற்ற பொது டாக்டர் வேறு, மார்பை அறுக்கத் தகுதியுள்ளவர் வேறு. அழகு நிலையத்தின் பின்னறையில் நடக்கும் எதற்கும் சம்மதிக்காதீர்கள், 2020-ல் கோலாலம்பூர் செராஸில் இப்படி ஓர் இடத்தில் கொழுப்பு உறிஞ்சப்போன 23 வயதுப் பெண் உயிரோடு திரும்பவில்லை. தாய்லாந்தின் ஹாட்யாய் மலிவு என்று தோழிகள் சொல்லக்கூடும், அங்கேயும் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், ஆனால் பத்தாம் நாள் புண் பிளந்தால் பாலத்தைத் தாண்டி எல்லை கடந்து கட்டுப் போடப் போவீர்களா? விலை கேட்கும்போது மயக்க டாக்டர், ஆபரேஷன் அறை, வார்டு, பிரா, மறு ஆபரேஷன் வந்தால் யார் கட்டுவது, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். மருத்துவக் காப்புறுதி அட்டை பொதுவாக இதற்குக் கட்டாது. ஃபிலெக்சிபல் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று 2024 மே மாதம் முதல் வழி வந்துவிட்டது, சரி, அது நீங்கள் சம்பாதித்த பணம். கிளினிக்கின் தவணைத் திட்டத்துக்கு மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டுக்காரர் "இந்த வயதில் எதற்கு" என்று கேட்டதை உடனே மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதிப் பேர் அப்படிச் சொல்வது பயத்தில்தான், ஏற்கெனவே ஒருமுறை உங்களை ஆபரேஷன் அறைக்குள் அனுப்பிவிட்டு வெளியே காத்திருந்தவர் அவர். முதல் சந்திப்புக்கு அவரையும் கூட்டிவாருங்கள், அவர் கேட்க நினைப்பதை டாக்டரிடமே கேட்கட்டும். மாமியாரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். ஆனால் ஆறு வாரம் நீங்கள் கனமான பானையைத் தூக்கக் கூடாது, முதல் இரண்டு வாரம் கையை உயர்த்தித் தலை வாரவும் சிரமம், அதற்கு ஒரு காரணம் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் படித்துவிட்டு, நல்ல பிரா ஒன்று போதும், கத்தி வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அதுவும் சரியான முடிவுதான், கடைக்குப் போய் புதிதாக அளவெடுத்து வாங்குங்கள், 112 கிலோ காலத்து பிராவையே கொக்கி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

கடைசியாகப் பால்குடம். தலையில் குடத்தை வைத்து இரண்டு கையாலும் மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டு தண்ணீர்மலையின் 513 படி ஏறுவது புதுத் தழும்பை இழுத்துவிடும், ஆபரேஷன் முடிந்து மூன்று மாதமாவது ஆகாமல் நான் விட மாட்டேன். உங்கள் எடை நிலைக்க எப்படியும் அதுவரை காலம் வேண்டும். ஆகவே வேண்டுதலை முதலில் முடியுங்கள், ஆபரேஷனைத் தைப்பூசத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். விரத நாள்களில் சைவம் என்பதால் புரதம் சரிந்துவிடும், பருப்பு, பயறு, தயிர், தௌஃபு, தெம்பே என்று வேளைக்கு ஒன்று தட்டில் இருக்கட்டும், உங்கள் சின்ன இரைப்பையில் சோற்றுக்கு முன்னால் அது போகட்டும், மலை ஏறும்போது தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். 112 கிலோவில் அந்தப் படியை ஏறியிருந்தால் எத்தனை இடத்தில் உட்கார்ந்தீர்கள் என்று ஞாபகம் இருக்கும். இந்த முறை எண்ணிப் பார்த்து எழுதுங்கள், மாசி மாதம் நேரில் பேசுவோம்.